ஆப்பிள் ஸ்டிக்கரில் எண்மரபு: ஒரு மீள்வாசிப்பு

கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி ஆகியவற்றுக்குப் பின் தமிழர் கண்ணைச் சுருக்கி வாசிக்கும் எழுத்துச் சான்று, இறக்குமதி ஆப்பிளின் ஸ்டிக்கரில் உள்ள எண். இத்துறையில் முறையான ஆய்வு நிகழவில்லை என்ற வரியை இந்த இடத்தில் எழுதுவது மரபு; எழுதியாயிற்று.

காலம்: கி.பி. 1990 முதல். அதற்கு முற்பட்ட பழங்கள் எண்ணின்றியே கிடைக்கின்றன.

பயன்: கல்லாவில் இருப்பவர் ஃபூஜி எது, காலா எது என்று திணறாமல் விலை போடுவதற்கு. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எனவே ஆய்வு இங்கே தொடங்குகிறது.

சர்வதேச விளைபொருள் தரநிலைக் கூட்டமைப்பு வழங்கும் இவ்வெண்கள் நான்கிலக்கத்தன. 3000-க்கும் 4999-க்கும் இடைப்பட்டவை. வாழைப்பழம் 4011. ஃபூஜியில் சின்னது 4129, பெரியது 4131. முன்னே 9 சேர்ந்து 94011 என்றானால் அது இயற்கை வேளாண் வாழை. உள்ளிருக்கும் இலக்கங்களுக்குத் தனித்தனிப் பொருள் கிடையாது. இது ஆய்வுலகுக்குப் பேரிழப்பு.

ஆரஞ்சு: எப்படியும் தோலை உரிப்பதால் ஆய்வுக்கு எடுக்கப்படவில்லை.

இனி எட்டு. எட்டில் தொடங்கினால் மரபணு மாற்றிய பழம், கண்டால் எட்டிப் போ என்பது வாட்ஸ்அப் மரபினர் கொள்கை (குடும்பக் குழு, காலை வணக்க ரோஜாவுக்கு அடுத்த செய்தி). தின்றால் முடி கொட்டும் என்பர் ஒரு சாரார் (மேலது, ஒன்றுவிட்ட சித்தப்பா மறுபதிப்பு, 'பலமுறை பகிரப்பட்டது' என்ற முத்திரையுடன்). முடி கொட்டாது, முட்டிதான் வலிக்கும் என்பது பாடபேதம் (மேலதன் மேலது, குடியிருப்போர் சங்கக் குழு, தண்ணீர் லாரி வராத நாளில் வெளியானது, கைகூப்பும் படங்கள் வரிசையாக, கடைசி வரியில் 'பெரிய டாக்டர் சொன்னது', டாக்டர் பெயர் சிதைந்துள்ளது).

உண்மையில் எட்டை மரபணு மாற்றிய பழத்துக்கென ஒதுக்கி வைத்தார்களே தவிர, அந்த எட்டு ஒட்டிய பழம் கடைக்கு வந்ததில்லை. 2015-இல் கூட்டமைப்பே அந்தப் பொருளைக் கைவிட்டு, புதுப்புது ரகங்களுக்கு எண் போதாமல் 83000 முதல் 84999 வரை சாதாரணப் பழங்களுக்கே ஒதுக்கிவிட்டது. இச்செய்தி மேற்படிக் கொள்கைக்கு இடைஞ்சலாக இருப்பதால், இதை இடைச்செருகல் என்று தள்ளிவிடலாம். இந்த ஒரே உத்தியில் துறைத் தலைவரானோர் உண்டு.

உள்ளூர் மரபு வேறு. தள்ளுவண்டி ஆப்பிளில் எண்ணே இராது. 'டெஸ்டட் ஓகே', 'பெஸ்ட் குவாலிட்டி' என்று மட்டும் இருக்கும். டெஸ்ட் செய்தவர் யார், எங்கே, எதை என்பதற்கு அகச்சான்றும் இல்லை, புறச்சான்றும் இல்லை. இத்தகைய ஸ்டிக்கர்கள் பழத்தின் அழுகலை மறைக்கவும் ஒட்டப்படுவதாக இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2018-இலேயே சொல்லியிருக்கிறது. ஆணையத்தின் கூற்றை அப்படியே ஏற்பது ஆய்வுநெறி ஆகாது என்பதால், நேரடிக் கள ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. 'டெஸ்டட் ஓகே'யின் ஓரத்தை நகத்தால் நெம்பி உரித்தபோது, கீழே அதே வட்டத்தில் பழுப்பு. கட்டைவிரலை வைத்ததும் நகக்கண் வரை உள்ளே இறங்கிற்று.

அப்பகுதியை அரிந்து எறிந்துவிட்டு மீதியை ஆய்வாளரே தின்றுவிட்டமையால், மூலச் சான்றைப் பிறர் சரிபார்க்க வழியில்லை.