ஹட்டன் சமுத்திரம்

நுவரெலியா மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. அரசாங்கம் இந்தக் குறையைக் கவனிப்பதாகத் தெரியவில்லை. ஆகவே நானே பொறுப்பெடுத்துக்கொண்டேன். ஹட்டனில், கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலே, எங்கள் வீட்டு முன்னறையில் மூன்றடி நீளத்துக்கு ஒரு கடல் இருக்கிறது. அதில் கோமாளி மீன் இரண்டு, இறால் ஒன்று, கையகலத்துக்கு மென்பவளம். கல் பவளம் வைக்கவில்லை. நம் கடலில் அதைத் தொட்டால் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பாயும். மென்பவளத்துக்கே வெள்ளவத்தை மச்சான் கடைக்காரரிடம் காகிதத்துக்கு மேல் காகிதமாகக் கேட்டு, மனுஷன் வெறுத்துப்போய்த்தான் பொதியைக் கொடுத்தாராம்.

கொழும்பில் கடல் மீன் வளர்ப்பவர்கள் தண்ணீரைக் குளிராக்க இயந்திரம் பூட்டுகிறார்கள். எங்கள் ஊரில் நேர்மாறு. தொட்டித் தண்ணீர் 25, 26 பாகையில் நிற்க வேண்டும். மார்கழி இரவில் ஹட்டன் அதற்கு ஒத்துழைக்காது. ஆகவே ஹீற்றர். எங்கள் குடும்பத்தில் இருபத்துநாலு மணித்தியாலமும் வெந்நீரில் இருப்பவர்கள் அந்த மீன்கள் மட்டுமே. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது, வீட்டிலிருந்த ஒரே நல்ல கம்பளி தொட்டிக்குப் போனது. மனைவி அதை மறக்கவில்லை. நாளை நான் செத்தால் ஒப்பாரியில் அது முதல் அடியாக வரும்.

குளிரையும் மின்வெட்டையும் ஒருவாறு சமாளித்துவிட்டேன். பிடி கொடுக்காதது பொசுபேற்று.

எங்கள் மலைகளில் பொசுபேற்று மரியாதைக்குரிய சாமான். தேயிலைக்கு நைதரசன், பொற்றாசியத்தோடு அதுவும் வேண்டும். மண்ணில் இல்லாமலில்லை. ஆனால் இந்தச் சிவந்த புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் கூட. பொசுபேற்றைக் கண்டால் அமுக்கி வைத்துக்கொண்டு செடிக்கு விடாது. ஆகவே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 1971 இல் அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் பாறைப் பொசுபேற்று அகப்பட்டது. லேசில் கரையாத கல். மூன்று நாலு மாதத்தில் அறுக்கும் நெல்லுக்கு அதைக் கரைத்துக் குடிக்க அவகாசமில்லை. தேயிலைக்கு அவசரமில்லை. மண்ணின் புளிப்பு கொஞ்சங்கொஞ்சமாகக் கரைத்துக் கொடுக்க, செடி ஆற அமர வாங்கிக்கொள்ளும். கொட்டகலையைத் தாண்டினால் தலவாக்கலை. 1925 இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் அங்கே இருந்துகொண்டு இன்றைக்கும் எந்த மலைக்கு எவ்வளவு உரம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது. நவம்பரில் தடை நீங்கும்வரை மலைநாடே உரம் உரம் என்று தவித்தது. அந்த மாதங்களில் தேவைக்கு மிஞ்சிய பொசுபேற்றோடு இருந்த வீடு எங்களுடையது. செய்தி எப்படியோ கசிந்து, பக்கத்து வீட்டுக்காரர் வாளியோடு வந்துவிட்டார்.

"சேர், அந்த மீன் தண்ணியில உரச்சத்து இருக்காமே. போஞ்சிக்கு ஊத்திப் பாப்போம், கொஞ்சம் குடுங்களேன்."

லீற்றருக்கு 35 கிராம் உப்பு என்று சொன்னேன். நம்பவில்லை. விரலை விட்டு நக்கிப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் பேசாமல் வாளியைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் போனார்.

எவ்வளவு இருந்தால் அதிகம் என்று கேட்பீர்கள். பவளப்பாறை இருக்கிற கடலில் பொசுபேற்று லீற்றருக்கு 0.01, 0.02 மில்லிகிராம் என்று வறுமைக்கோட்டிலேயே நிற்கும். வீட்டுத் தொட்டிக்கு 0.03 முதல் 0.1 வரை பரவாயில்லை என்பது இந்தப் பைத்தியம் பிடித்தவர்களின் பொதுக் கருத்து. அதற்கு மேலே போனால் பாசிக்குக் கல்யாணம். கல் பவளம் வைத்திருந்தால் இன்னும் மோசம்: சுண்ணாம்பு எலும்பு கட்டுகிற இடத்தில் பொசுபேற்று ஒட்டிக்கொண்டு கட்டட வேலையைக் கெடுக்கும்.

அளப்பதற்கு ஒரு சின்னக் கருவி உண்டு. குப்பியில் தண்ணீர் எடுத்து, பொடியைப் போட்டு, ஆட்டி, உள்ளே வைத்தால் நீலத்தின் அடர்த்தியைப் பார்த்து எண் சொல்லும். அதுவும் நேராகச் சொல்லாது. பொசுபரசு அளவைத்தான் காட்டும். அதை 3.066 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பொசுபேற்று. சாதாரண தர வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற நான் இந்தக் கணக்கை வீட்டாருக்கு முன்னால் கொஞ்சம் உரக்கச் செய்வது வழக்கம். விடை 0.6 என்று வந்தது. மகள் கல்குலேட்டரில் திரும்பப் போட்டுப் பார்த்தாள். அதிலும் 0.6.

முதலில் பீலித் தண்ணீரைச் சந்தேகித்தேன். தேயிலை மலையிலிருந்து இறங்கி வருகிற தண்ணீர்; உரம் கரைந்து வந்திருக்கும் என்பது என் சித்தாந்தம். அதை நம்பி வடிகட்டி வாங்கிப் பூட்டினேன். பூட்டிய பிறகுதான் பீலித் தண்ணீரை அளக்கும் எண்ணம் வந்தது. சொல்லும்படியாக ஒன்றுமில்லை. மலை மண்தான் பொசுபேற்றை விடாதே; மண் அரித்துக்கொண்டு போனால்தான் அதுவும் கூடப் போகும். போன வாரம் வகுப்பில் இதையே கரும்பலகையில் எழுதிப்போட்டவனும் நான்தான்.

தொட்டிக்குள் எல்லாம் வாய் வழியாகத்தான் வருகிறது. மீனுக்குப் போடும் தீன் அத்தனையிலும் பொசுபரசு உண்டு. தின்றது பாதி, தின்னாதது பாதி, இரண்டும் கடைசியில் தண்ணீரில்தான். ஐஸ் இறாலை உருகிய தண்ணீரோடு கவிழ்க்காமல் அலசிப் போடு என்றார் மச்சான். அலசினேன். எண் இறங்கவில்லை. பிறகு ஒருநாள் பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்டு வந்தபோது அம்மா தொட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் நெத்தலிக் கருவாடு.

"பாவம்டா தம்பி, வாயில்லாத சீவன்."

அந்தச் சீவன்களிடம் வாயைத் தவிர வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஏற்பாடு, இரும்பு ஒட்சைட்டுக் குருணை. தண்ணீரை அதன் ஊடாக ஓடவிட்டால் பொசுபேற்று இரும்பில் ஒட்டிக்கொள்ளும். வெளிநாட்டுச் சரக்கு, வெளிநாட்டு விலை. மச்சான் பஸ்ஸில் அனுப்பிய பொதியைப் பிரித்தபோது அம்மா ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மறுபடியும் தேய்த்தாள்.

"இது நம்ம அஞ்சாம் நம்பர் மலை மண்ணாட்டம்ல இருக்கு?"

இரசாயனப்படி பார்த்தால் அவள் சொன்னது பெரும்பாலும் சரி. தேயிலை மண்ணில் பொசுபேற்றை அமுக்கி வைக்கிற அதே இரும்பு, அதே வேலை. இது கழுவிச் சலித்து டப்பாவில் அடைத்தது, அவ்வளவுதான். விலையைச் சொன்னேன். காலமெல்லாம் கொழுந்து எடுத்த அம்மாவுக்கு எந்தத் தொகையையும் பேராக மாற்றினால்தான் விளங்கும். ஒருநாள் வேலைக்கு ஒரு பேர். சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் மனக்கணக்குப் போட்டவள், "இத்தன பேரா? மண்ணுக்கா?" என்று எழுந்து குசினிக்குப் போய்விட்டாள். மனைவி அங்கே காத்திருந்தாள். இருவருக்கும் பேச விஷயம் கிடைத்தது.

எனக்கு ஒரு ஆறுதல் உண்டு. 1669 இல் ஹம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் என்பவர் தங்கம் எடுக்கப்போவதாகச் சொல்லி, வாளி வாளியாக மூத்திரத்தைச் சேர்த்து வைத்துக் காய்ச்சினார். தங்கம் வரவில்லை, இருட்டில் ஒளிரும் பொசுபரசு வந்தது. அதுவும் மனைவி வீட்டுப் பணத்தில் என்று சொல்வார்கள். அந்த வீட்டு முன்னறையின் வாசனையை நினைத்துப் பார்க்கும்படி மனைவியிடம் சொன்னேன். அவள் நினைத்துப் பார்த்துவிட்டு, "அவரு கடைசியில எதையாச்சும் கண்டுபிடிச்சாருல்ல?" என்றாள்.

குருணை வேலை செய்தது. எண் இறங்கியது. இரண்டு மூன்று நாளில் பழையபடி ஏறியது. தொட்டியில் அடுக்கியிருக்கும் சுண்ணாம்புக் கற்கள்தான் காரணம். தண்ணீரில் பொசுபேற்று கூடியிருக்கும் காலத்தில் கல் தன்மேல் வாங்கி வைத்துக்கொள்ளும். தண்ணீரில் குறைந்தால் திருப்பிவிடும். நெத்தலிக் காலத்துச் சேமிப்பு முழுவதும் கல்லில் இருந்தது. பொறுமைதான் மருந்து என்றார் மச்சான். அவருக்கென்ன, அவர் வீட்டு ஜன்னலைத் திறந்தால் நிஜக் கடல்.

இதற்கிடையில் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போனோம். கவர்னர் கிரகரி 1873 இல் கட்டுவித்த ஏரி. சுற்றிலும் மரக்கறித் தோட்டம், ஹோட்டல், ஊர். அத்தனையின் கழுவலும் வந்து சேருவதால் கிரகரி ஏரியும் பாசி பிடித்துப் பச்சையாகிறது. இது என் துறை என்பதால் கரையில் நின்று குடும்பத்துக்கு விளக்கம் கொடுத்தேன். "இதுக்கும் குருணை வாங்கப்போறீங்களா?" என்றாள் மனைவி. மகள் அன்னப்படகில் ஏறிவிட்டாள்.

தீர்வு அம்மாவிடமிருந்து வந்தது. தொட்டியின் பக்கத்துத் தடுப்பறையில், நூல் நூலாகச் சுருண்டு வளரும் செட்டோ என்ற பாசியை விளக்குப் போட்டு வளர்க்கிறேன். அது பொசுபேற்றைத் தின்று வளரும். வளர்ந்ததை எடுத்து எறிந்தால் பொசுபேற்றும் வெளியேறும். நான் வளர்த்தேனே தவிர, அதன் அழகில் மயங்கி எடுக்கவில்லை. அடர்ந்து, அடியில் வெளிச்சம் படாமல் அழுகி, தின்றதையெல்லாம் தண்ணீருக்கே கக்கிக்கொண்டிருந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"கொழுந்து எடுத்து எடுத்துத்தானேடா மலையில சத்து போவுது, அதுக்குத்தானே உரம் போடுறாங்க. சத்து போவணும்னா நீ கொழுந்த எடு. முத்த விட்டுட்டு நிக்கிறியே!"

சேலையைச் செருகிக்கொண்டு இரண்டு கையையும் உள்ளே விட்டாள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வேலை செய்த வேகத்தைப் பார்க்கக் கண் கூசியது. மேலே படர்ந்ததை மட்டம் பார்த்துக் கிள்ளி, கீழே கொஞ்சம் விட்டு, ஐந்து நிமிடத்தில் ஒரு சட்டி நிறையப் போட்டாள். கல்லில் ஒட்டியிருந்த மயிர்ப்பாசியை மட்டும் அடியோடு பிடுங்கினாள், அது களையாம். "ஏழு நாளைக்கு ஒரு ரவுண்டு" என்று உத்தரவும் வந்தது. அதற்கப்புறம் எண் இறங்கிய வேகத்தில் நான் மச்சானுக்குப் படம் எடுத்து அனுப்ப ஆரம்பித்தேன். 0.4. 0.15. 0.06. நான் குருணையையும் எடுக்கவில்லை. கடைசியில் கருவி பூச்சியம் காட்டியது. அன்றைக்குப் பாயாசம் வைக்கச் சொன்னேன்.

அடுத்த வாரம் மணல் முழுக்கக் கபில நிறத்தில் சளி படிந்து, குமிழி விட்டது. மச்சானை அழைத்தேன்.

"மச்சான், பூச்சியமாக்கச் சொன்னது ஆர்? பொசுபேற்று இல்லாட்டி மற்றப் பாசி எல்லாம் பட்டினி கிடந்து, டைனோ எண்ட இந்தச் சளி வந்து குந்தும். உடன குருணையை எடும். பொசுபேற்றுக் கரைசல் போத்தல்ல விக்குது. வாங்கி நாளுக்குக் கொஞ்சமா விடும்."

தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது. மகள் எழுந்து வேறு அறைக்குப் போனாள்.

போத்தல் வாங்கும் பிரேரணை சபையில் தோற்றது. அதற்குப் பதிலாக, நெத்தலி போடும் உத்தியோகம் அம்மாவுக்கு முறைப்படி கொடுக்கப்பட்டிருக்கிறது. அளவு மட்டும் நான் சொல்வது. கொழுந்தும் அவளே எடுப்பதால், உரம் போடுவதற்கும் கொழுந்துக்கும் தனித்தனிப் பேர் விழ வேண்டும் என்று கேட்கிறாள். மனைவியும் மகளும் அவள் சங்கத்தில் சேர்ந்துவிட்டார்கள். நான் ஒன்றரைப் பேர்வரை இறங்கி வந்திருக்கிறேன். கம்பளியையும் ஒப்பந்தத்தில் சேர்க்காமல் கையெழுத்து வைக்க முடியாது என்கிறார்கள்.