கீச்சொலியும் ஃபேன் பெல்ட்டும்: ஓர் இலக்கண ஆய்வு

காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள்ளிருந்து எழும் ‘கீச்’ ஒலியைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வு இதுவரை இல்லை என்கிறார் ஆய்வாளர். தேடிப் பார்த்துவிட்டு அவர் இதைச் சொல்லவில்லை. தேடினால் கிடைத்துத் தொலைக்கும் என்பதால், தேடாதிருப்பதே துறை மரபு.

பெயரியல்: என்ஜினின் முகப்பில் கிராங்க் புல்லியிலிருந்து கிளம்பி ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், பல வண்டிகளில் வாட்டர் பம்ப், பவர் ஸ்டீயரிங் பம்ப் என எல்லாவற்றையும் பாம்பாக வளைந்து சுற்றி வருகிறது ஒரே பெல்ட். ஆதலால் ‘சர்ப்பன்டைன்’ என்பர். 1979-இல் ஃபோர்டு மஸ்டாங்கில் இது வந்தது. அதற்கு முன் தனித்தனி வி-பெல்ட்டுகளின் காலம். நம் ஒர்க்‌ஷாப்புகளில் இதற்கு ஃபேன் பெல்ட் என்றே பெயர். இன்றைய பெரும்பாலான கார்களில் ஃபேனைச் சுழற்றுவது மின்மோட்டார்; பெல்ட் அதைத் தொடுவதேயில்லை. அப்படியானால் இது எவ்வகை ஆகுபெயர் என்பதில் இரு கட்சிகள் உண்டு. இரு கட்சியாரும் பானெட்டைத் திறந்ததில்லை.

கல்வெட்டியல்: பெல்ட்டின் முதுகில் ‘6பிகே1230’ என்பதுபோல் ஒரு வாசகம் பொறித்திருக்கும். ஆறு வரிகள், பிகே வகை, 1230 மில்லிமீட்டர் நீளம் என்பது ஸ்பேர்பார்ட்ஸ் கடைப்பையனின் வாசிப்பு. இவ்வளவு சுலபமாகப் பொருள் விளங்கும் கல்வெட்டை அறிஞருலகம் ஏற்பதில்லை. 1230 என்பது ஆண்டு என்றும், அது மூன்றாம் இராசராசன் காலம் என்றும், அச்சோழன் கோப்பெருஞ்சிங்கனிடம் சிக்கிச் சேந்தமங்கலத்தில் சிறையிருக்க நேர்ந்தது பெல்ட் அறுந்ததால்தான் என்றும் நிறுவுவார் உண்டு (டூல்பாக்ஸ் சுவடி, ஏடு 3, கிரீஸ் கறைக்குக் கீழே). மறுப்பவர்கள் ‘6’ சற்றே சாய்ந்திருப்பதைக் காட்டி, பெல்ட்டை இன்னும் ஒரு நூற்றாண்டு பின்னுக்குத் தள்ளுவர்.

ஒலியியல்: ஆய்வின் உயிர்நாடி இதுவே. கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிப் பொழுதையும் மாத்திரைக்கு அளவாக வைத்தார் தொல்காப்பியர். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு ஆய்வாளர் பல காலைகள் பானெட்டருகே இமைத்தபடி நின்றார். எதிர்வீட்டார் கண்நோய் என்று விசாரித்தனர்.

‘கிச் கிச்’ என்று விட்டுவிட்டு வருவது குறில். புல்லிகள் ஒரே கோட்டில் நில்லாதபோது, பெல்ட்டின் வரிகள் புல்லியின் பள்ளங்களில் கோணலாக இறங்குவதால் பிறப்பது. என்ஜின் வேகமெடுத்தால் அடங்குவதும் உண்டு. ‘கீஈச்’ என்பது நெடில். டென்ஷன் குறைந்த பெல்ட் புல்லியில் வழுக்குவதால் வருவது. இறங்கிப்போன பேட்டரிக்கு ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றும்போதும், ஏசி போடும்போதும், பம்ப் வைத்த ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போதும் இது அளபெடை பெற்று மூன்று மாத்திரையைத் தாண்டும். ‘கர்ர்’ என்று உருண்டால் மெய். அது பேரிங்கின் குரல், பெல்ட்டினுடையதன்று. மெக்கானிக் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஐட்லர் புல்லியின் போல்ட்டிலும் பிடியைக் காதிலும் வைத்து இதைப் பிரித்தறிகிறார் (மேற்படி சுவடி, அழுக்குத்துணி உரை, எண்ணெய் சொட்டிய பக்கம், ‘பேரிங்கு’ என்றும் பாடம், உரைகாரர் டீ குடிக்கப் போய்விட்டதால் இதற்கு மேல் உரை சிதைந்துள்ளது). மாத்திரை அளக்கக் கை நொடிப்பது நடுவிரலாலா, மோதிர விரலாலா என்பது தீராத வழக்கு. அதில் மட்டும் மூன்று முனைவர் பட்டங்களுக்கு இடமிருக்கிறது.

ஆய்தம்: இதை ஒலித்த பெல்ட் எதுவும் மறுமுறை ஒலித்துக் காட்டவில்லை.

தேய்மானவியல்: ஓரம் பிசிறினால் கோணல் புல்லி, வரிகள் கண்ணாடிபோல் மினுக்கினால் வழுக்கல், ஊறிப் பருத்தால் எண்ணெய்க் கசிவு. விரிசல்களை எண்ணும் முறை நியோப்ரீன் காலத்தது. இப்போதைய இபிடிஎம் ரப்பர் எளிதில் வெடிப்பு விடாது. டயரைப்போலத் தேய்ந்து வரிப்பள்ளம் அகன்றாலும் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். ஆயினும் பாடத்திட்டம் விரிசலையே எண்ணச் சொல்கிறது. பாடத்திட்டம் இபிடிஎம்மைவிட நெடுநாள் உழைக்கக்கூடியது.

பரிகாரவியல்: சோப்புத் தடவலாம், நாளைக்கும் தடவலாம்.

களப்பணி: ஆய்வாளரின் காரில் ஓராண்டில் மூன்று பெல்ட்டுகள் மாற்றப்பட்டன. மூன்றும் சீக்கிரமே மினுக்கின, கத்தின. பெல்ட்டே குற்றவாளி என்று அவர் மூன்று கட்டுரைகள் எழுதினார். மூன்றாவதற்கு முதலிரண்டும் மேற்கோளாயின. கடைசியில் ஒரு மெக்கானிக், ஓடும் என்ஜினில் பெல்ட்டின் வரிப்பக்கமாக, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சினார். ஒலி சற்று நின்று திரும்ப வந்தால் புல்லி கோணல். கூடினால் டென்ஷன் குறைவு. கூடியது.

“பெல்ட்டு மேல தப்பில்ல சார். டென்ஷனர் ஸ்பிரிங் செத்துப்போச்சு. அத மாத்தாம எத்தன பெல்ட்டு போட்டாலும் தின்னுடும்.”

அடிக்குறிப்பு ஒன்றுகூட இல்லாமல் ஒருவர் முடிவுக்கு வந்தது ஆய்வாளரை மிகவும் புண்படுத்தியது.

டென்ஷனர் மாற்றப்பட்டது. மறுநாள் முதல் ஒலி இல்லை. தரவு வறட்சி காரணமாக ஆய்வின் இரண்டாம் தொகுதி நின்றுபோயிருக்கிறது. பழைய டென்ஷனரையே ஒரு வாரத்துக்குத் திரும்பப் பொருத்தித் தர முடியுமா என்று ஆய்வாளர் கேட்டனுப்பியிருக்கிறார். மெக்கானிக் இன்னும் பதில் சொல்லவில்லை.