தபால்பெட்டி டவுசர்

வா பேராண்டி, திண்ணையில உக்காரு. கட்டில்ல வேணாம், மூட்டைப்பூச்சி கெடக்கு. உன் சட்டையில ஏறிச் சென்னைக்குப் போச்சுன்னா நாலு வருசத்துல அதுவும் உதவி இயக்குநர் ஆயிரும். ஏத்தா, அண்ணனுக்கு ஒரு சொம்பு தண்ணி கொண்டா.

என்ன சொன்ன? பள்ளிக்கூடத்துப் புள்ளைகளை வச்சுக் கதை பண்ணப் போறியா? இதுவரைக்கும் எவனும் தொடாத கதையா? நல்லது. நான் டூரிங் கொட்டாயில டிக்கெட் கிழிச்சவன். ஒரே படத்தை முப்பது தடவ வாசல்ல நின்னு பாத்திருக்கேன். ஒரு தடவ பாக்குறவனுக்குப் படத்துல என்ன இருக்குன்னு தெரியும். முப்பது தடவ பாத்தவனுக்கு என்ன இல்லைன்னும் தெரிஞ்சுபோகும். அந்த உரிமையில புத்தி சொல்றேன், கேட்டுக்க.

மொதோ புத்தி, வயசு. பன்னெண்டாவது படிக்கிற பயலா நடிக்க முப்பதுக்குக் கொறையாத ஆளாப் புடி. மழமழன்னு செரச்சுவிட்டுப் புத்தகப்பையை மாட்டிவிடு. அப்பவும் கன்னம் பச்சையாத் தெரிஞ்சா, ‘மூணு வருசமா பெயிலு’ன்னு வாத்தியாரை விட்டு ஒரு வசனம் சொல்லச் சொல்லு. மொகத்துல பரு மட்டும் வந்துறக் கூடாது. பரு வராத பதினேழு வயசை நான் சினிமாவுல மட்டுந்தான் பாத்திருக்கேன்.

பொம்பளப் புள்ளைக்குக் கணக்கு தலகீழ். 1977ல நம்ம அல்லிநகரத்துப் பாரதிராசா ‘16 வயதினிலே’ எடுத்தாரு. பேருல பதினாறு. படம் வந்தப்ப மயிலா நடிச்ச ஸ்ரீதேவிக்குப் பதினாலு வயசு. அந்த மயிலு பள்ளிக்கூடம் முடிச்சுட்டு டீச்சராகணும்னு ஆசைப்பட்ட புள்ள. கொட்டாயை விட்டு வெளிய வந்த சனம் சப்பாணியப் பேசுச்சு, பரட்டையப் பேசுச்சு, பட்டணத்து டாக்டரை வைஞ்சுச்சு. அந்தப் புள்ளையோட டீச்சர் வேலை என்னாச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. டிக்கெட் கிழிச்ச நானும் கேக்கல.

ரெண்டாவது புத்தி, காதலை விட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகந்துறாத. 1981ல ‘அலைகள் ஓய்வதில்லை’ வந்துச்சு. பூணூலும் சிலுவையும் போன எடம் தெரியாம புள்ளைக ரெண்டும் ஓடுச்சுக. அதே வருசம் பாரதி–வாசு எடுத்த ‘பன்னீர் புஷ்பங்கள்’ வந்துச்சு, ஊட்டிக் குளிர்ல பள்ளிக்கூடத்துக் காதல். 2002ல ‘துள்ளுவதோ இளமை’, அதுல ஓடுனது கும்பலா. 2004ல ‘காதல்’, மதுரைப் பள்ளிக்கூடத்துப் புள்ள மெக்கானிக்கு பயலோட சென்னைக்கு ஓடுச்சு. ஆக, புள்ளைக ஓடாத படம் கொட்டாயில ஓடாது. இதைக் குறிச்சு வச்சுக்க, தயாரிப்பாளர் கேட்டாச் சொல்லலாம்.

மொறைக்காத. கெட்ட படம்னா சொன்னேன்? ‘காதல்’ பாத்துட்டு ரெண்டு நாள் எனக்கே சோறு எறங்கல. ‘96’ பாத்தப்ப, தஞ்சாவூருப் பள்ளிக்கூடத்துல அந்தப் பய வாயத் தொறக்க முடியாம நிக்கிறதைப் பாத்து, ‘அடப் பாவி, இது நானுல்ல’ன்னு கண்ணத் தொடச்சேன். ஆனா ஒண்ணு கவனிச்சியா? அவன் சொல்லாமக் கொள்ளாம ஊரை விட்டுப் போனதுக்குக் காரணம் அப்பன் பட்ட கடன். பத்தாவது படிச்ச பய, சட்டி பானையைக் கட்டிக்கிட்டு ஊரு தூங்குறப்பக் கெளம்புற அந்த ராத்திரி அவன் மனசுல என்ன ஓடியிருக்கும்? அது தனிப் படம் பேராண்டி. நாம எல்லாரும் அவன் காதலிச்ச ஜானுவை நெனச்சே அழுதுட்டு வந்துட்டோம்.

என்னத்தா, அண்ணன் குடிச்சிட்டாரு, இன்னும் ஒரு சொம்பு வேணுமாம். கொண்டா.

எங்கதையைச் சொல்லட்டா? எட்டாவது படிக்கையில எனக்கு இருந்தது ஒத்தை டவுசர். பின்னாடி ரெண்டு பக்கமும் கிழிஞ்சு தபால்பெட்டி. கணக்குல நான் கெட்டிக்காரன். ஆனா வாத்தியாரு கரும்பலகைக்குக் கூப்புட்டா, ‘தெரியாது சார்’னுதான் சொல்லுவேன். பலகைப் பக்கம் திரும்பினா முதுகுப் பக்கம் முப்பது பேருக்குத் தெரியுமே! தெரிஞ்ச கணக்குக்கு அம்புட்டுப் பெரம்படி வாங்கினவன் இந்த ஜில்லாவுலயே நானாத்தான் இருப்பேன். அந்த வகுப்புல எனக்குப் புடிச்ச புள்ளையும் இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா அவளைப் பாக்குறதுக்கு முன்னால அவ என்னை எந்தப் பக்கமிருந்து பாக்குறாங்கிற கவலை வந்துருமப்பா.

அந்த வயசுக்குக் காதல் ஓரத்துல கெடக்குற சங்கதி. நடுவுல கெடக்குறது வேற. மத்தியானம் எவன் பக்கத்துல உக்காந்து சோறு திங்கிறது, எவன் பட்டப்பேரு வச்சுக் கூப்புடுறான், கொரல் ஒடையிறப்ப எவன் சிரிச்சான், நம்மளை ஆட்டத்துல சேத்துக்குவாகளா மாட்டாகளா, இதுதான். நமக்கு இது சுண்டைக்காய். அதுகளுக்கு அதுவே உலகம். சுண்டைக்காயைப் பெருசாக் காட்டத்தானப்பா கேமராவுல லென்ஸு வச்சிருக்கான்?

இப்பப் படிக்கிற பயலுகளுக்கு டவுசர் நல்லாருக்கு. கையிலதான் கோளாறு. நீ உன் நாயகன் கையில என்ன கட்டுவ? பளபளன்னு வாட்சு. தெக்கே போய்ப் பாரு, சாதிக்கு ஒரு கலருக் கயிறு. 2023 ஆகஸ்டுல நாங்குநேரியில பன்னெண்டாவது படிச்ச பயலைக் கூடப் படிச்ச பயலுகளே வீடு புகுந்து அருவாளால வெட்டுனானுக. குறுக்க விழுந்த தங்கச்சிக்கும் வெட்டு. அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒரு நபர் குழுவாப் போட்டுச்சு. 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தாரு. அந்தக் கயிறு பள்ளிக்கூடத்துக்குள்ள வரக் கூடாதுன்னு அதுல இருக்கு. இதுக்கு நான் கேலி பேச மாட்டேன். சிரிப்பு வரல.

கயிறுன்னதும் அதை அறுக்க ஒருத்தரைக் கொண்டாற ஆசை உனக்கு வந்துருச்சு, கண்ணு மின்னுதே. அதான் மூணாவது புத்தி. 2012ல வந்த ‘சாட்டை’யில சமுத்திரக்கனி வந்தாரே, அப்பிடி ஒரு நல்ல வாத்தியாரை எறக்கிரு. புள்ளைக செய்ய வேண்டிய ரோசனையை எல்லாம் அவரே செஞ்சு குடுத்துருவாரு. புள்ளைக கையத் தட்டினாப் போதும்.

பொஸ்தகம் படிப்பியா? பெருமாள்முருகன் ‘நிழல்முற்றம்’னு ஒண்ணு எழுதியிருக்காரு. சினிமாக் கொட்டாயில சோடா விக்கிற பயலுக கதை. நூலகத்துல உக்காந்து, பீடி பத்தவைக்க முடியலையேங்கிற வருத்தத்தோட படிச்சு முடிச்சேன். என் கொட்டாயிலயும் அந்த மாதிரிப் பயலுக இருந்தானுக. திரையில ஒரு முப்பது வயசுப் பள்ளிக்கூடத்துப் பையன் டூயட் பாடுவான். நெசமாவே பதினாலு வயசுப் பய இருட்டுக்குள்ள சோடா வித்துக்கிட்டுப் போவான். ‘ஏய், மறைக்காத, தள்ளு’ன்னு சனம் அவனை வெரட்டும்.

போன வருசம் இந்தா இந்தப் பேத்தி அவ போன்ல ஒரு இங்கிலீசு நாடகம் போட்டுக் காட்டுனா. 2025ல வந்துச்சாம், ‘அடலெசன்ஸ்’னு பேரு. நாலே பகுதி, ஒவ்வொரு பகுதியும் வெட்டாம ஒரே ஓட்டமா எடுத்திருக்கான். பதிமூணு வயசுப் பய கூடப் படிச்ச புள்ளையைக் கொன்னுட்டான்னு போலீசு புடிச்சுட்டுப் போகுது. ஏன் கொன்னான்னு தேடி அந்தத் துப்பறியிற ஆளு பள்ளிக்கூடமெல்லாம் அலையிறாரு. போன்ல புள்ளைக போட்ட பொம்மைக்கெல்லாம் இவரு ஒரு அர்த்தம் வச்சிருக்காரு. அதே பள்ளிக்கூடத்துல படிக்கிற அவரு மகன்தான் தனியாக் கூப்புட்டு, ‘அப்பா, அதுக்கு அர்த்தம் அது இல்ல’ங்குறான். பாத்துக்க. வீட்டுக்குள்ள இருக்குறவன்கிட்ட கேக்காம ஊரெல்லாம் விசாரணை.

அதைப் பாத்துட்டு ‘பாவம் வெள்ளைக்காரன்’னு உச்சுக் கொட்டினேன். பேத்தி என்னை ஒரு பார்வை பாத்தா. அப்ப வெளங்கல. இப்ப நீ வந்து உக்காந்ததும் வெளங்குது.

பதினஞ்சு வயசுக் கதை கேட்டுச் சென்னையிலேருந்து பஸ் ஏறி வந்திருக்க. யாருகிட்ட கேக்குற? எழுவத்தஞ்சு வயசுக் கெழவன்கிட்ட. நானும் வெக்கமில்லாம மூணு புத்தி சொல்லிட்டேன். பத்தாவது படிக்கிறவ அந்தா நெலைப்படியில சாஞ்சு, போனை நோண்டுற மாதிரியே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்கா. வந்ததுலேருந்து ரெண்டு பேரும் அவகிட்ட என்ன கேட்டோம்? தண்ணி.

எந்திரி. சொம்பை நீயே கொண்டுபோய்க் கழுவி வை. நோட்டை எடுத்துக்கிட்டுப் போகாத, போலீசுன்னு நெனச்சுக்குவா. நான் இங்கனயே படுத்துக்கிறேன். எனக்குக் காது மந்தம்னு அவகிட்ட சொல்லிரு.