சாகாவரக்காரர்

1990 வாக்கில் பிரிட்டனில் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கமடோர் அமிகா 500-உடன் குடித்தனம் நடத்திய இளைஞர்களில் இவர் தனி ரகம். பகலில் கடையில் வேலை. ராத்திரியில் அசெம்பிளி மொழியில் கேம் எழுதுவார். கேம் முடிகிறதோ இல்லையோ, கம்ப்யூட்டர் அடிக்கடி முடங்கும். பழியெல்லாம் இவருடையது அல்ல. அமிகா ஒரே சமயத்தில் பல புரோகிராம்களை ஓட்டும். ஒன்றின் நினைவகத்தில் இன்னொன்று கை வைக்காமல் தடுக்கத்தான் அதில் வழியில்லை. ஒன்று தப்பு செய்தால் எல்லாம் சேர்ந்து விழும். திரை கறுத்து, சிவப்புக் கட்டம் மின்னி, ‘குரு மெடிட்டேஷன்’ என்று ஓர் எண் வரும்.

மற்றவர்கள் தலையில் கை வைப்பார்கள். நம்மவர் புன்னகைப்பார். அவரிடம் ரேட் இருக்கிறது.

1988-இல் அமிகாவின் வொர்க்பெஞ்ச் 1.3 மென்பொருளுடன் வந்த வரம் அது. நினைவகத்தின் ஒரு பகுதியையே டிஸ்க்காக்கும் சாதாரண ராம் டிஸ்க், ரீசெட் செய்தால் காலி. ரேட் அப்படியல்ல. கன்ட்ரோலையும் இரண்டு அமிகா கீகளையும் சேர்த்து அமுக்கினால், மெஷின் மறுபடி எழும்போது வைத்தது வைத்தபடி இருக்கும். அதிலிருந்தே பூட் செய்யவும் முடியும். பிளாப்பி டிரைவ் கடகடக்காது. விருந்தாளிக்கு டீ கொடுப்பதற்கு முன்பே இதைக் காட்டிவிடுவார். நன்றாக ஓடுகிற மெஷினை வேண்டுமென்றே ரீசெட் செய்து, “பாத்தீங்களா, ஒண்ணுமே போகலை!” என்பார். முதலில் என்ன இருந்தது என்பதே வந்தவருக்குத் தெரியாது.

ஒரு பிளாப்பி 880 கிலோபைட். அதை முழுசாக ரேடுக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது இவருடைய லட்சியம். ஆனால் கூடுதல் அட்டை செருகியும் மொத்த நினைவகம் 1 மெகாபைட்தான். குதிர் கட்டிவிட்டுப் படுக்க இடம் தேடும் குடியானவர் கதைதான். ரேடின் அளவைச் சொல்லும் மவுன்ட்லிஸ்ட் கோப்பைத் திறந்து, சிலிண்டருக்கு 11 கிலோபைட் வீதம் கூட்டுவார், குறைப்பார். அந்த நேரத்தில் கேமையே எழுதி முடித்திருக்கலாம்.

ரீசெட்டில் சாகாத இன்னொன்றும் அப்போது உலவியது: 1987-இல் கிளம்பிய எஸ்சிஏ வைரஸ். நினைவகத்திலேயே குந்திக்கொண்டு, பிளாப்பிக்குப் பிளாப்பி தாவும். நினைவகத்திலிருந்து அதைத் துரத்த மெஷினை அணைத்துப் போட்டால் போதும். ஊரெல்லாம் அணைத்தார்கள். இவர் அணைப்பாரா? அணைத்தால் ரேடும் போய்விடுமே! அதனால் வைரஸும் இவருக்குத் துணையாக அதே அறையில் தங்கும், வாடகை தராமல்.

“பிளாப்பியில ஒரு காப்பி போட்டு வையேன்” என்று நண்பன் சொன்னால் முகம் சுருங்கும். “எதுக்கு? அதான் ரேட் இருக்கே!”

குருவுக்கு அஞ்சாத இவரை வீழ்த்துவது சுவரில் இருக்கும் மின்சார மீட்டர். 50 பென்ஸ் காசு போட்டால்தான் அறைக்குக் கரண்ட் வரும். கேமின் கடைசிக் கட்டம் நெருங்குகிற ராத்திரியில் போட்ட காசு தீர்ந்துபோகும். விளக்கும் கம்ப்யூட்டரும் ஒன்றாக அணையும். ரீசெட்டில் பிழைத்தது கரண்ட் போனால் பிழைக்காது. நல்லதாக ஒன்றே ஒன்று நடந்திருக்கும்: நினைவகத்தில் குந்தியிருந்த வைரஸும் போயிருக்கும்.

மறுநாளே திருந்திவிடுவார். கடையில் நோட்டைக் கொடுத்து, எல்லாவற்றையும் 50 பென்ஸ் காசாக மாற்றி, மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு டப்பா நிறைய வைத்துக்கொள்வார். புதிதாக ஒரு பிளாப்பி வாங்கக்கூடாதா என்று கேட்டால், அதற்கெல்லாம் காசு ஏது என்பார்.