முள் ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: கிளைடரின் ஏற்ற இறக்க வேகத்தைக் காட்டும் வேரியோமீட்டர் முள் தாறுமாறாக ஆடுகிறது. கருவியை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள்! பல சமயம் குற்றவாளி கருவியல்ல, அதற்குப் போகும் காற்றுக்குழாய். முதலில் வெளிக்காற்றின் அழுத்தத்தை எடுக்கும் ஸ்டாட்டிக் துளைகளில் ஒன்றை விட்டு மற்றவற்றை டேப்பால் மூடுங்கள். மீதித் துளையில் குழாயோடு சிரிஞ்சைப் பொருத்தி மெதுவாக இழுங்கள். தரையில் நின்றபடியே ஆல்டிமீட்டர் 100 மீட்டர் ஏறும். வேகமானி மணிக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர் காட்டும். பறக்காமலே பறந்த கணக்கு! அந்த அளவை எட்டியதும் சிரிஞ்சுக் குழாயைக் கிள்ளிப் பிடியுங்கள். ஆல்டிமீட்டர் முள் அசையாமல் நின்றால் நலம், இறங்கினால் கசிவு. இணைப்பு இணைப்பாகக் கிள்ளிப் பாருங்கள். எங்கே கிள்ளினால் ஆல்டிமீட்டர் நிற்கிறதோ, ஓட்டை அதற்கு அப்பால். வேரியோமீட்டரின் தனிக்குழாய்க்கும் இதே வைத்தியம்தான். பெரும்பாலும் விறைத்துப்போன குழாய் முனைதான் காரணம். ஒரு சென்டிமீட்டர் வெட்டிச் செருகுங்கள். சோதனை முடிந்ததும் காற்றையும் மெதுவாகவே விடுங்கள். டேப்பை மறக்காமல் உரித்துவிடுங்கள். மூடிய துளையோடு பறப்பது கசிவைவிட ஆபத்து!