பூஜ்ய வயதுக்காரர்

கேள்வி: வயதைக் கேட்கும் என் சி நிரலில் ‘பத்து’ என்று எழுத்தால் தட்டியவருக்கு வயது பூஜ்யம் என்று வருகிறதே, கணினிக்குக் குழந்தைகள்மீது அத்தனை பிரியமா?

பதில்: பிரியமன்று, தாட்சண்யம். தாங்கள் நம்பியிருக்கும் ‘ஏ-டு-ஐ’ என்னும் சார்பு, எண்ணாக மாற்ற இயலாத எதை அதன் முன் வைத்தாலும் இல்லையென்று சொல்ல மனமின்றிப் பூஜ்யத்தை நீட்டிவிடுவதாலும், மெய்யாகவே பூஜ்யத்தைத் தட்டியவருக்கும் அதே பூஜ்யத்தையே அளிப்பதாலும், பிழை எது, விடை எது என்று பிரம்மதேவனாலும் பிரித்தறிய முடியாது. ‘12அ’ என்றால் 12ஐ எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பற்றி மூச்சுவிடாது. எண் அளவு மீறிப் பெரிதானாலோ, என்ன நேரும் என்பதற்கு மொழியின் தர விதிகளே உத்தரவாதம் தரவில்லை.

கேள்வி: ‘ஸ்கேன்எஃப்’ போட்டேன். ஓர் எழுத்தைத் தட்டியதும் ‘எண்ணைத் தருக’ என்று திரை ஓயாமல் ஓடுகிறது.

பதில்: வேண்டாத எழுத்தை அது விழுங்குவதில்லை, உள்ளீட்டிலேயே விட்டுவிடுகிறது. சுழல் மறுபடி வந்தால் அதே எழுத்துதானே காத்திருக்கும்? எத்தனை எண்கள் அகப்பட்டன என்று அது திருப்பித் தரும் மதிப்பைத் தாங்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை போலும்.

கேள்வி: பின்னே எதைத்தான் நம்புவது?

பதில்: ‘எஃப்கெட்ஸ்’ கொண்டு வரி முழுவதையும் வாங்கி, பிழைக்குறி தங்கும் ‘எர்நோ’ மாறியைப் பூஜ்யமாக்கிவிட்டு, 1989ஆம் ஆண்டின் தர விதிகளிலேயே இடம்பெற்ற ‘ஸ்ட்ர்டால்’ சார்பிடம் ஒப்படைத்தால், மாற்றம் எந்த எழுத்தில் நின்றது என்பதை ஒரு சுட்டியின் வாயிலாகவும், எல்லை மீறியதை ‘எர்நோ’வின் வாயிலாகவும் அது பகிரங்கமாக அறிவித்துவிடும். சுட்டி தொடக்கத்திலேயே நின்றால் எண்ணே இல்லை. வரிமுடிவுக்கு முன் நின்றால் பின்னால் குப்பை. அடிமானத்தை 10 என்றே கொடுங்கள். 0 கொடுத்தால் 010 என்பது எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ணாகக் கருதப்பட்டு 8 ஆகிவிடும். 64 பிட் லினக்ஸில் ‘லாங்’ 64 பிட், ‘இன்ட்’ 32 பிட் ஆதலால், 2147483647ஐத் தாண்டியதா என்பதைத் தாங்களே சோதிக்க வேண்டும்.

கேள்வி: வயது ஒருபோதும் எதிர்மறையாகாது, ஆகவே குறியற்ற எண்ணுக்குரிய ‘ஸ்ட்ர்டௌல்’ போதுமல்லவா?

பதில்: -1 என்று தட்டிப் பாருங்கள். அதே லினக்ஸில், பிழையென்று ஒரு வார்த்தையும் சொல்லாமல் 18446744073709551615 என்று தரும். புராணக் கணக்கில் பிரம்மாவின் முழு ஆயுளே 311040000000000 மானிட வருஷந்தான். ‘ஸ்ட்ர்டால்’ கொண்டே வாங்கி, விடை பூஜ்யத்துக்குக் கீழா என்று ஒரு வரியில் சோதித்துவிடுங்கள்.