எல்லை கடந்தால் விதி வேறு

கேள்வி: பிரிட்டன் ஒரே நாடுதானே, அங்கே தீத்தெளிப்பான் விதி மட்டும் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது?

பதில்: கட்டட விதிகளை வகுக்கும் அதிகாரம் அங்கே பகிர்ந்தளிக்கப்பட்டிருப்பதால், தெளிப்பான், அதாவது கூரையில் பொருத்தப்பட்டு வெப்பம் ஏறியதும் தானே நீர் பீய்ச்சும் குழாய்முனை, வேல்ஸில் 2016 முதல் புதிய வீடுகள் அனைத்துக்கும் கட்டாயமாயிற்று. இங்கிலாந்திலோ, 30 மீட்டருக்கு மேற்பட்ட புதிய அடுக்குமாடிகளுக்கு மட்டும் என்றிருந்த வரம்பு, 2017இல் லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கோபுரத் தீ 72 உயிர்களைக் குடித்த பிறகே, 2020இல் 11 மீட்டராக இறங்கியது. தீ ஏதோ அளவுநாடாவோடு வந்து உயரம் பார்த்துப் பற்றும் என்பதுபோல. தெளிப்பானில் நீரை அடைத்து நிற்கும் கண்ணாடிக் குமிழோ, சிவப்புத் திரவம் கொண்டதாயின், வேல்ஸின் கார்டிஃபிலும் இங்கிலாந்தின் லண்டனிலும் 68 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உடைகிறது. அதுவும் சூடேறிய முனையில் மட்டுமே, திரைப்படங்களில் காட்டுவதுபோலக் கட்டடம் முழுவதும் அன்று.